சோதிடர் மகளும் கிரகணம் பார்க்க வந்தவரும்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சுங்கை பட்டாணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அனுப்பியிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். வரலாற்றுக் காதல் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாராம். இடம் பினாங்கு, காலம் 1929. நாயகி, கடைத்தெருவில் சோதிடம் பார்க்கும் பெரியவரின் மகள். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் கணக்கெல்லாம் இவள்தான் போடுகிறாள். நாயகன் லண்டனில் படித்த வானியலாளர், சோதிடத்தில் துளியும் நம்பிக்கை இல்லாதவர். பினாங்கு மலை உச்சியில் அவருக்கு ஒரு வானாய்வகம். மே மாதச் சூரிய கிரகணத்தன்று அவர் சொன்ன நிமிடத்தில் கிரகணம் பிடிக்கிறது. அவள் வாயடைத்துப் போகிறாள். பஞ்சாங்கத்தைப் பரணில் போட்டுவிட்டு அவருக்குக் கழுத்தை நீட்டுகிறாள். "படிப்பவர்கள் இதை நம்புவார்களா, சிரிப்பார்களா?" என்று கேட்கிறார்.

டீச்சர், காதலை நம்புவார்கள். அவள் வாயடைத்துப் போனதைத்தான் நம்பமாட்டார்கள். ஏனென்றால் அந்தக் கிரகணம் அவள் கையில் இருக்கும் பஞ்சாங்கத்திலும் இருந்திருக்கும். இவர் வந்து சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

முதலில் நீங்கள் பிடித்த நாள் அருமையான நாள், அதைச் சொல்லிவிடுகிறேன். 1929 மே 9, வியாழக்கிழமை. சுக்கில வருஷம், சித்திரை மாதம், அமாவாசை. முழுக் கிரகணம், நிலவின் நிழல் வட சுமத்ராவில் ஏறி, கெடா வழியாகப் போய், தெற்குச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பட்டாணியைத் தொட்டு, பிலிப்பைன்ஸ் பக்கம் போனது. கெடாவின் அலோர் ஸ்டாருக்கும் அந்தப் பட்டாணிக்கும் இங்கிலாந்திலிருந்து ஆட்கள் கருவிகளோடு வந்தார்கள். சுமத்ராவில் தாகெங்கோன் என்ற ஊருக்கு ஜெர்மானியர் பிராய்ண்ட்லிக் குழு வந்தது. சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கு வளைகிறதா என்று அளக்க வந்தவர்கள் அவர்கள். நம் ஊர்க் கடிகாரத்தில் மதியம் ஒரு மணிக்கு மேல், கெடாவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பட்டப்பகல் இருட்டானது. அதனால் உச்சக் காட்சியைப் பினாங்கில் வைக்காதீர்கள், தண்ணீரைக் கடந்து அலோர் ஸ்டாருக்குக் கொண்டுபோங்கள். பினாங்கு நிழல் பாதையின் நடுவில் இல்லை.

இப்போது அவள் பக்கம். அவள் போடும் கணக்கை நீங்கள் ஒரே வரியில் 'ஏட்டைப் புரட்டினாள்' என்று தாண்டிவிட்டீர்கள். நாவலே அங்கேதான் இருக்கிறது, டீச்சர். 1825இல் புதுச்சேரியில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஜான் வாரன் என்று ஒருவர், முன்னே சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர். நம்மவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கூப்பிட்டு, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தாளும் எடுக்கவில்லை, எழுதுகோலும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அதை இங்கே தள்ளி, இதை அங்கே சேர்த்துக் கணக்குப் போட்டார். அட்டவணை முழுக்க மனப்பாடம். எண்களை எழுத்தாக மாற்றி வாக்கியமாகக் கட்டி வைத்திருப்பார்கள், சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் தவறியது 4 நிமிடம். நடு நேரத்தில் 23, முடியும் நேரத்தில் 52 நிமிடம். சோழியை வைத்துக்கொண்டு!

உங்கள் நாயகியை அப்படி உட்கார வையுங்கள். அப்பா வெற்றிலை மென்றபடி வாக்கியத்தைச் சொல்லச் சொல்ல, அவள் தரையில் சோழி நகர்த்தட்டும். வாசலில் நிற்கும் நாயகன் முதலில் ஏதோ குறி பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கட்டும். சோழி ஒவ்வொன்றாக நகர நகர அது கூட்டல் கழித்தல் என்று அவருக்குப் புரியட்டும். காதல் அங்கே தொடங்கினால் நான் நம்புவேன். கணக்குத் தெரிந்தவனுக்குக் கணக்குத் தெரிந்தவளைப் பிடிப்பதில் என்ன ஆச்சரியம்?

அப்புறம், பினாங்கில் உட்கார்ந்து சோதிடம் பார்ப்பவளுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. பஞ்சாங்கம் கப்பலில் வருகிறது, சென்னை அல்லது கும்பகோணத்துக் கணக்கு. திதி முடிவை உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்றுதான் போட்டிருப்பார்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் 20 பாகை தூரம். சூரியன் இங்கே ஏறக்குறைய 80 நிமிடம் முந்தி உதிக்கிறது. அதாவது மூன்று நாழிகை, இருபது விநாழிகை. அதை அவள் கூட்டவேண்டும். இதற்குத் தேசாந்தரம் என்று பெயர். கூட்டாமல் அப்படியே ஊரில் அச்சடித்ததை வாசித்துவிட்டுப் பணம் வாங்கும் சோதிடர் ஒருவரையும் கதையில் வையுங்கள், எதிர்க்கட்சிக்கு ஆள் வேண்டும் அல்லவா?

இதோடு கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். விக்டோரியா மகாராணி நினைவாகக் கட்டிய 60 அடி மணிக்கூண்டு, இன்றைக்கும் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அது காட்டிய நேரம் பினாங்கின் சூரிய நேரமே இல்லை. 1905இலிருந்து இங்கே 105ஆம் பாகையின் நேரம். பினாங்கு இருப்பது நூறு பாகை சொச்சத்தில். ஆக, மணிக்கூண்டு சூரியனைவிட ஏறத்தாழ 19 நிமிடம் முன்னால் ஓடியது. மணிக்கூண்டைப் பார்த்துக் குழந்தை பிறந்த நேரம் குறித்துவந்து லக்கினம் கேட்டால், அந்த 19 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் எல்லையில் பிறந்த பிள்ளைக்கு லக்கினமே மாறிப்போகும். அவளுக்கு இது தோராயமாகத் தெரியும். துல்லியமாகத் தெரிந்தவர் அவர். கிரகணத்துக்கு முன்னாலேயே அவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போக இதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்?

அவரை லண்டனிலிருந்து கொண்டுவர வேண்டாம். மலை உச்சியில் வானாய்வகமும் வேண்டாம். மலை ரயில் 1923இல் வந்துவிட்டது, தொலைநோக்கியை அதில் ஏற்றிக்கொண்டு போகட்டும், அது போதும். என்னைக் கேட்டால் அவரை யாழ்ப்பாணத்துக்காரர் ஆக்குங்கள். அந்தக் காலத்து மலாயாவில் ரயில்வேயிலும் சர்வேயிலும் கிராணி வேலையிலும் அவர்கள்தான் நிறைய. சர்வேக்காரருக்கு இரவில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து நட்சத்திரம் பார்த்து இடம் குறிக்கத் தெரியும். வெள்ளைக்காரக் குழுவுக்கு உதவியாக அலோர் ஸ்டாருக்கு அனுப்பினார்கள் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. 1829 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு சந்திர கிரகணத்தை வைத்துப் பெரிய போட்டியே நடந்தது. வட்டுக்கோட்டைக் குருமடத்துப் பாதிரியார் டானியல் பூர் ஒரு பக்கம், அராலி விசுவநாத சாஸ்திரியார் மறு பக்கம். கிரகணத்தன்று பாதிரியார் கணக்குத்தான் சரியாக வந்தது. நூறு வருஷமாக அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து வருபவருக்கு, கிரகணத்தை வைத்துச் சோதிடக்காரியை மடக்கிவிடலாம் என்ற மிதப்பு தானாகவே இருக்கும். நீங்கள் எழுதிய காட்சியை அவருடைய ஆசையாக வையுங்கள். அது நடக்காமல் போகட்டும்.

ஏனென்றால் அவளுக்குத் துல்லியம் எதிரி இல்லை. சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர், பஞ்சாங்கமும் போட்டவர். தொலைநோக்கியில் கண்டதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று வாதாடினார். பழைய வாக்கியக்காரர்கள் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் இன்றும் பழைய வாக்கியம், வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய திருக்கணிதம் என்று இரண்டும் ஓடுகிறது, திருநாள் தேதியில் சண்டையும் வருகிறது. நம் பினாங்கையே பாருங்கள். பாலிக் பூலாவ் பக்கத்து வானாய்வு மையத்துக்கு ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் பெயர். தொழுகை நேரத்துக்காகவும் தொழும் திசையான கிப்லாவுக்காகவும் வானத்தைக் கணித்த மார்க்க அறிஞர் அவர். 1868 கிரகணத்தைத் தானே கணித்து, வெளிநாட்டாரை எல்லாம் வா கோ கடற்கரைக்கு அழைத்த சயாம் மன்னர் மோங்குட்டும் அப்படித்தான். நம் நீரிணைக் குடியேற்ற ஆளுநர் ஹாரி ஆர்டும் போயிருந்தார். அங்கே பிடித்த காய்ச்சலில் மன்னர் இறந்தது தனிக் கதை, அதற்குள் போனால் இன்றைக்கு முடியாது.

ஆகவே சண்டையைக் கணக்கில் வைக்காதீர்கள், பலனில் வையுங்கள். அந்தக் கிரகணம் மேஷ ராசியில், பரணி நட்சத்திரத்தில், ராகுவோடு. பரணிக்காரர்கள் நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்ள வரிசையில் நிற்பார்கள். ஓலை நறுக்கில் சுலோகம் எழுதிக் கட்டுவது. அவள் விடியலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பாள். பின்கட்டில் பாட்டி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருப்பாள், கிரகணம் விடும்வரை அது நிற்கும் என்று. இவர் என்ன செய்வார்? கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திக் காட்டுவார். பாட்டி என்ன சொல்வாள் தெரியுமா? "தம்பிக்குக் கை நல்லா நிக்குது" என்பாள். அவ்வளவுதான். அவருடைய மொத்த வாதமும் அங்கே புஸ்ஸென்று போகும்.

இப்போது உங்கள் முடிவு. அவள் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இப்படி யோசியுங்கள். அவளுக்கு மிருகசீரிடம். அவர் அம்மா கொடுத்தனுப்பிய ஓலையில் அவருக்குச் சித்திரை. இரண்டும் சிரசு ரஜ்ஜு. ரஜ்ஜு என்பது தாலிக்கயிற்றுப் பொருத்தம், இருவருக்கும் ஒரே ரஜ்ஜு என்றால் ஆகாது. ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திரங்கள் என்ற வேதையும் கூட. பத்துப் பொருத்தத்தில் மற்றது எது இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் ஒருவரும் துணியமாட்டார்கள். அவள் ஓலையைப் பார்த்த மாத்திரத்தில் மூடிவிடுவாள். யாரிடமும் சொல்லமாட்டாள், அவரிடமும்.

ஆனால் அவர் பிறந்தது சித்திரை முடியும் தறுவாயில், ஓலை வாக்கியக் கணக்கு. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திர முடிவில் சில நாழிகை வித்தியாசம் வரும். சரியாகக் கணித்தால் அவர் பிறந்தபோது சந்திரன் சுவாதிக்குள் போய்விட்டது. சுவாதி என்றால் கண்ட ரஜ்ஜு. ரஜ்ஜு தட்டாது, வேதையும் போய்விடும்.

அந்தக் கணக்கு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. பொருத்தத்தில் ஒரு சொல்கூட நம்பாதவர் அந்தத் தாளை அவளிடம் நீட்டுவாரா? நீட்டினால் தான் கேலி செய்த ஒன்றை வைத்தே பெண் கேட்கிறார். நீட்டாவிட்டால் அவளை இழக்கிறார். அவளுக்கோ வேறு சிக்கல். அப்பா ஆயுள் முழுக்க வாக்கியம் சொன்னவர். திருக்கணிதம்தான் சரி என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷம் அவர் பார்த்துக் கொடுத்த பொருத்தங்கள் என்ன ஆவது? கணக்கு சரி என்பதால் ஒப்புகிறாளா, மனசு கேட்பதால் ஒப்புகிறாளா? இதில் ஐம்பது பக்கம் எழுதலாம், டீச்சர். கிரகணம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, அவர் தாளை அவளிடம் கொடுக்காமல் அவள் அப்பாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது. கண் தெரியாத கிழவர் சோழியைக் கேட்பார். தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பார். அவர் முடிவு என்ன என்பதை நீங்கள் எழுதுங்கள், நான் சொல்லிவிட்டால் அது என் நாவலாகிவிடும்.

இதெல்லாம் சரி, நட்சத்திரத்தைவிடப் பெரிய தடை வேறு இருக்கிறது. 1929இல் யாழ்ப்பாணக் குடும்பமும் கடைத்தெருச் சோதிடர் குடும்பமும் சம்பந்தம் பேசுவது லேசான காரியமா? சாதி, ஊர், உத்தியோகம் எல்லாம் எழுந்து நிற்கும். ரஜ்ஜு தட்டுகிறது என்பது அவர் வீட்டாருக்கு மரியாதையாக 'வேண்டாம்' சொல்ல ஒரு சாக்காகவும் இருக்கலாம். அவருடைய அம்மா அந்த ஓலையைத் தெரிந்தேதான் அனுப்பினாளா என்று ஒரு சந்தேகத்தைப் போட்டு வைத்தால் வாசகர் விடமாட்டார்.

கடைசியாகச் சின்னத் திருத்தங்கள். கிரகணச் செய்தியை அவள் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தடையில்லை, 1924இலேயே கோலாலம்பூரில் தொடங்கிவிட்டது. ஆனால் அவள் அப்பா 1922இல் ராஜுலா கப்பலில் வந்து இறங்கியதாக இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ராஜுலா தண்ணீரில் இறங்கியதே 1926இல்தான். கப்பல் பெயரை எடுத்துவிட்டு, 'நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தார்' என்று மட்டும் போடுங்கள். அடுத்த கேள்வி ஈப்போவிலிருந்து வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.