பெயரே வேண்டுதலாகும் விருந்து: யூதர்களின் புத்தாண்டுச் சாப்பாடு

[திரையில்: வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆப்பிள், தேன், பேரீச்சை, மாதுளை, ஒரு மீன் தலை.]

யூதர்களின் புத்தாண்டு ரோஷ் ஹஷானா. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். கொண்டாட்டத்தைவிட அச்சம் கலந்த நாள் இது. வரும் ஆண்டில் யாருக்கு என்ன நடக்கும் என்று கடவுள் அன்று தீர்ப்பு எழுதுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த மனநிலையோடுதான் இரவு விருந்துக்கு உட்காருகிறார்கள்.

ஆப்பிளைத் தேனில் தொட்டு, “நல்ல, இனிய ஆண்டை எங்களுக்குத் தருவது உமது சித்தமாகட்டும்” என்று வேண்டிச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அது இடைக்கால ஐரோப்பாவில் பரவியது. பழைய பட்டியலில் ஆப்பிளும் இல்லை, தேனும் இல்லை.

[திரையில்: சுரைக்காய், காராமணி, லீக்ஸ், பீட் கீரை, பேரீச்சை.]

அந்தப் பட்டியல், யூதச் சட்டமும் விளக்கங்களும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. இன்றைய ஈராக் பகுதியில், 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபயே என்ற அறிஞர் சொன்னது. ஆண்டுத் தொடக்கத்தில் சுரைக்காய், ரூபியா என்ற பயிர், வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ், பீட் கீரை, பேரீச்சை ஆகியவற்றைச் சாப்பிடப் பழகுங்கள் என்கிறார்.

ஏன் இந்த ஐந்து? பின்னால் வந்தவர்கள் பெயர்களிலேயே பதிலைக் கண்டார்கள். லீக்ஸுக்கு அன்றைய பெயர் கர்த்தி. வெட்டுவதைக் குறிக்கும் எபிரேயச் சொல் அதே ஒலியில் வரும். அதனால், “எங்களுக்குத் தீங்கு நினைப்பவர்கள் வெட்டுண்டு போகட்டும்” என்று வேண்டுகிறார்கள். சில்கா என்ற பீட் கீரையில் “விலகட்டும்” என்பது ஒலிக்கிறது. பேரீச்சையான தாமாரில் “முடிந்து போகட்டும்”. சுரைக்காயின் பெயர் காரா. இதில் இரண்டு ஒலிகள்: தீய தீர்ப்பு கிழிபடட்டும், எங்கள் நற்செயல்கள் உம் முன் வாசிக்கப்படட்டும். எனக்கு இந்த ஐந்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

ரூபியாவில் ஒலிப்பது “பெருகட்டும்”. அது எந்தப் பயிர் என்பதில் ஒரே கருத்து இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி அதை வெந்தயம் என்றார். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூத வீடுகள் பலவற்றில் அது காராமணி.

[திரையில்: வட்ட வட்டமாக நறுக்கிய கேரட்.]

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் கேரட்டுக்குப் பெயர் மேரன். பெருகுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. அப்புறம் என்ன, கேரட் மேசைக்கு வந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டுப் போலந்தில் எழுதப்பட்ட மாகேன் அவ்ராஹாம் என்ற சட்ட உரை இதற்கு வழியும் திறந்து வைத்தது: அவரவர் ஊர் மொழியில் எந்த உணவின் பெயர் பெருக்கத்தைச் சொல்கிறதோ அதைச் சாப்பிடலாம். இந்த வழக்கம் ஊர் ஊராகப் போயும் உயிரோடு இருப்பதற்கு இந்தத் தாராளம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாமே பெயரை வைத்து வந்தவை அல்ல. மீன் தலையோ ஆட்டுத் தலையோ வைப்பது, “வாலாக அல்ல, தலையாக இருப்போம்” என்ற வேண்டுதலுக்கு. அது விவிலியத்தின் உபாகமம் என்ற நூலில் உள்ள வாக்கு. மாதுளை முத்துகளைப் போல எங்கள் புண்ணியங்கள் பெருகட்டும் என்பார்கள். யூதர்களின் வேதமான தோராவின் 613 கட்டளைகளையும் அந்த முத்துகளோடு சேர்த்துச் சொல்வதுண்டு.

சரி, இது சகுனம் பார்ப்பது ஆகாதா? 13-ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் வாழ்ந்த மெய்ரி என்ற யூத அறிஞர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இந்த உணவுகள் மனத்தைத் தட்டி எழுப்பும் அடையாளங்கள்தான். திருந்தி நல்லது செய்யாமல் இவற்றால் பயனில்லை என்பது அவர் விளக்கம். வேண்டுதல் வாசகங்கள் சேர்ந்ததற்கும் அவர் இதையே காரணமாகச் சொல்கிறார்.

[திரையில்: இரண்டாம் இரவு. மேசையில் லிச்சி, டிராகன் பழம்.]

பண்டிகை இரண்டு நாள். ஆனால் யூதச் சட்டம் அவற்றை ஒரே நீண்ட நாளாகவும் பார்க்கிறது. அப்படியானால், முதல் இரவே சொல்லிவிட்ட “இந்த நேரம்வரை எங்களை வாழவைத்தீரே” என்ற நன்றி வாழ்த்தை இரண்டாம் இரவும் சொல்லலாமா என்ற ஐயம் வருகிறது. அதற்காக அந்தப் பருவத்தில் இதுவரை சாப்பிடாத பழம் ஒன்றைத் தேடி வாங்கி வைப்பார்கள். புதுப் பழத்துக்கும் அதே வாழ்த்துதான் என்பதால், ஐயத்துக்கு இடமில்லாமல் அதைச் சொல்லிவிடலாம்.