வழி தெரியாத விஞ்ஞானி

நண்பர்களே, வணக்கம். பெற்ற விருதுகளை வரிசையாக வாசித்து ஒருவரை அறிமுகப்படுத்துவது மேடை வழக்கம். மூளை விஞ்ஞானி எலினோர் மகுவயரைப் பற்றி அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வழி தெரியாது, அதிலிருந்து தொடங்குகிறேன். இடம் கண்டுபிடித்துப் போவதில் தான் படுமோசம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சிலருக்கு மட்டும் அது எப்படிக் கைவருகிறது என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

1970இல் டப்ளினில் பிறந்தவர். அங்கேயே உளவியல் படித்து 1994இல் முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். கடைசி வரை அங்கேதான்.

லண்டனின் கறுப்பு டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உரிமம் வேண்டுமென்றால் 'நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் தலைக்குள் இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம் தெருத்தெருவாகச் சுற்றிப் படிப்பார்கள். அப்படியும் பலர் தேறுவதில்லை. இவர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தபோதுதான், ஆராய வேண்டிய ஆட்கள் இவர்கள்தான் என்று மகுவயருக்குத் தோன்றியது.

2000ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 16 ஓட்டுநர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டிருந்தார்கள். மூளையின் ஆழத்தில் கடற்குதிரை போல் வளைந்திருக்கும், நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இருந்தது. முன்பகுதி சிறிதாக இருந்தது. அதிக வருடம் ஓட்டியவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகவும் தெரிந்தது.

உலகமே இதைப் பேசியது. 2003இல் குழுவோடு சேர்த்து அவருக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே பரிசுதான்.

இத்தோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். நான் அவரை மதிப்பது இதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. தன் முடிவையே அவர் சந்தேகப்பட்டார். நாள் முழுக்க வண்டி ஓட்டுவதால் மூளை இப்படி ஆகிறதோ? சரி, பேருந்து ஓட்டுநர்களைப் பார்ப்போம். அவர்களும் அதே நெரிசலில்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் குறிப்பிட்ட தடத்தில். 2006இல் வந்த அந்த ஆய்வில், பேருந்து ஓட்டுநர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. அடுத்த சந்தேகம் இன்னும் கடினமானது: பிறவியிலேயே பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களோ? இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பயிற்சியில் சேர்ந்த 79 பேரை ஆரம்பத்திலேயே ஸ்கேன் செய்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்தார். அவர்களில் 39 பேர் தேறினார்கள். தொடக்கத்தில் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் வேறுபாடே இல்லை. முடிவில், தேறியவர்களுக்கு மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. இது வெளிவந்தது 2011இல். ஒரே கேள்விக்குப் பதினோரு வருடம்! இதற்கு விலையும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை: சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துப் பிற்பாடு நினைவிலிருந்து வரையச் சொன்னால், டாக்சி ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

இடையில் 2007இல் இன்னொரு ஆய்வு. எனக்கு டாக்சியைவிட இதுதான் பிடிக்கும். ஹிப்போகாம்பஸ் பழுதாகிப் பழையதை மறந்துபோன ஐந்து பேரிடம், நினைவுகூரச் சொல்லாமல் கற்பனை செய்யச் சொன்னார்கள். அழகான ஒரு கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், என்ன தெரிகிறது? ஒருவருக்கு வானத்தின் நீலமும் மணலின் வெள்ளையும்தான் தெரிந்தன. காட்சியாக எதுவும் சேரவில்லை. கடந்த காலத்தை இழந்த அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு இன்னும் நடக்காததையும் கட்டியெழுப்ப முடியவில்லை.

கௌரவங்களையும் சொல்லிவிடுகிறேன்: 2008இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் விருது, 2016இல் அதே சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 2018இல் பிரிட்டிஷ் அகாடமியின் உறுப்பினர் தகுதி.

அந்தக் கடற்கரை ஆய்வை முன்னின்று நடத்திய மாணவரின் பெயர் டெமிஸ் ஹசாபிஸ். பிற்பாடு டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2024 அக்டோபரில் அவருக்கு வேதியியல் நோபல் அறிவித்தார்கள். மூன்று மாதத்தில், 2025 ஜனவரி 4 அன்று, அவருடைய ஆசிரியை காலமானார். வயது 54தான்.