2.5 மீட்டர் அலை என்றால் உண்மையில் எத்தனை மீட்டர்?

(திரையில்: குமரிக்கடல் வரைபடம். அதன் மேல் எழுத்துகள் ஓடுகின்றன.)

"குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். அலைகள் 2.5 மீட்டர் வரை எழக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்."

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இந்த மாதிரி அறிவிப்பைச் செய்தியில் கேட்டுக் கேட்டே காது பழகிவிடும். இதில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் காற்று. 45 முதல் 55 என்பது சில நிமிடங்களுக்கு எடுத்த சராசரி வேகம். இந்திய வானிலை ஆய்வு மையம் 3 நிமிடச் சராசரியைக் கணக்கில் எடுக்கிறது. "இடையிடையே 65" என்பது சில விநாடிகள் ஓங்கி அடித்துவிட்டு அடங்குகிற வீச்சு. படகுக்காரருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 45 என்பது 65 ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் படகின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

அடுத்து அலை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் எண் இதுதான்.

(திரையில்: இரண்டாம் உலகப் போர்க் காலக் கறுப்பு வெள்ளைப் படம். தரையிறங்கு படகுகள்.)

1940களில் அமெரிக்கப் படைகள் கடல் வழியாகக் கரையிறங்க வேண்டியிருந்தது. எந்த நாளில் அலை அடங்கியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரண்டு கடலியலாளர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். தரையிறங்கு படகுகளை ஓட்டியவர்களிடம் "அலை எவ்வளவு உயரம் இருந்தது?" என்று கேட்டால், அவர்கள் சொன்ன உயரம் எல்லா அலைகளின் சராசரியைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சின்ன அலையை யார் கவனிக்கப் போகிறார்கள்? மனதில் பதிவது பெரிய அலைதான். சரி, ஓட்டுநர் சொல்வதையே அளவாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைப் பார்த்தபோது, அது ஓட்டுநர்கள் சொன்னதோடு ஒத்துப்போனது.

உலகம் முழுக்க அலை முன்னறிவிப்பு இன்றும் அந்த அளவில்தான் வருகிறது. ஆக, 2.5 மீட்டர் என்பது உச்சவரம்பு இல்லை. ஆயிரம் அலைகள் கடந்து போனால் அவற்றில் ஒன்றாவது கிட்டத்தட்ட இரு மடங்கு, அதாவது நாலரை மீட்டருக்கு மேல், வரும் என்று எதிர்பார்க்கலாம். 10 விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால், ஆயிரம் அலை கடக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது. "வரை எழக்கூடும்" என்று செய்தியில் வாசிப்பது எனக்குக் கொஞ்சம் நெருடும். அந்த "வரை" படகுக்காரரை ஏமாற்றிவிடும்.

உயரம் மட்டும் தெரிந்தாலும் போதாது. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை விநாடி இடைவெளி? செய்தியில் இது அநேகமாக வராது.

(திரையில்: மேலே குறுகிய அலைகள், கீழே நீண்ட அலைகள். உயரம் ஒன்றே.)

2 மீட்டர் உயரமும் 5 விநாடி இடைவெளியும் என்றால், ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு 39 மீட்டர்தான். செங்குத்தான அலை. நாட்டுப் படகைப் போட்டு அடிக்கும். அதே 2 மீட்டர் 16 விநாடி இடைவெளியில் வந்தால் முகட்டுக்கு முகடு 400 மீட்டர். நடுக்கடலில் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் நீண்ட அலை நல்லதா? கரைக்கு வரும் வரை நல்லது. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் தரையை உணரத் தொடங்குகிறது. 16 விநாடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. அங்கிருந்து வேகம் குறையக் குறைய, கரையை நெருங்கும்போது உயரம் கூடுகிறது. துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடும் இருந்துவிட்டால் அதுதான் ஆபத்தான இடம். தேங்காய்பட்டணம் துறைமுகத்தில் படகு கவிழ்ந்த செய்திகள் வரும்போதெல்லாம் அந்த நாளின் அலை இடைவெளி என்ன என்று பாருங்கள்.

இந்த நீண்ட அலைகள் உள்ளூர்க் காற்றில் பிறப்பதில்லை. அண்டார்டிகாவை ஒட்டிய தென்கடலில் வீசும் புயல்களில் பிறந்து, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் பல நாள் பயணம் செய்து வருகின்றன. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, கடல் மட்டும் ஏறும். கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்? அலை பல நாள் பயணத்தில் இருப்பதுதான் வசதி. செயற்கைக்கோள் கடல் பரப்பின் சொரசொரப்பை ரேடாரால் அளந்து அங்கே என்ன காற்று வீசுகிறது என்று கணிக்கிறது. கணினியில் ஓடும் வானிலை மாதிரி தரும் காற்றை அலை மாதிரிக்குக் கொடுத்து, ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கணக்கிடுகிறது. கணக்குச் சரியா என்று பார்க்கத் தூத்துக்குடி, புதுச்சேரி போன்ற இடங்களில் மிதவைகள் இருக்கின்றன. நங்கூரமிட்ட மஞ்சள் உருண்டை அது. ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்க, உள்ளே இருக்கும் கருவி அந்த அசைவிலிருந்து உயரத்தையும் இடைவெளியையும் எடுத்து அனுப்பிவிடும்.

தொலைவில் பிறக்கும் அலையைப் பிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். பக்கத்தில் பிறந்து சட்டென்று வலுக்கும் புயல்தான் சிக்கல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிக்கு அருகே உருவாகி, ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலானது. தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் அதற்கு முன்பே பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டிருந்தன. படகில் இருந்த விஎச்எஃப் என்ற வானொலிப் பேச்சுக் கருவி கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. கரையில் எச்சரிக்கை இருந்தும் நடுக்கடலில் இருந்தவர்கள் காதுக்கு அது போகவில்லை.

அதன் பிறகு 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத்தில் மீனவரின் செல்போனுக்குத் தரும். ஆனால் ஒருவழிதான். படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இரண்டு பக்கமும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை இப்போது படகுகளில் பொருத்தி வருகிறார்கள்.