அந்தக் கையில் இருந்த கத்தி எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஃபான்டோமாஸ் படங்கள் நூறாண்டு தாண்டியும் நிற்பது வில்லனாலா, துப்பறிவாளராலா?' என்பது தலைப்பு. ஃபான்டோமாஸ் என்பது அந்த முகமூடி வில்லனின் பெயர். நான் பேசுவது அவன் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "துரத்த ஆள் இல்லையென்றால் ஓடுகிறவனுக்கு என்ன பெருமை? இன்ஸ்பெக்டர் ஜூவ்தான் கதையைத் தாங்குகிறார்" என்றார். ஜூவ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. மலைப்பாம்பை ஏவிக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, உடம்பில் முள் பட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்த மனிதர் அவர். ஆனால் அந்தப் பாம்பை அனுப்பியது யார், அம்மா? ஜூவ் செய்வதெல்லாம் அவன் செய்ததற்குப் பதில்தானே!

1913, 1914-ல் பாரிசின் கோமோன் நிறுவனத்துக்காக லூயி ஃபொய்யாத் எடுத்தவை இந்த ஐந்து மௌனப் படங்கள். முதல் படத்தில் ஓர் ஓட்டல் அறை. இளவரசி ஒருத்தியின் நகையையும் பணத்தையும் பறித்தவன், ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் பார்க்கிறாள், வெற்று அட்டை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதில் எழுத்து தெளிகிறது: ஃபான்டோமாஸ். பேச்சே இல்லாத படத்தில், ஒரு துண்டு அட்டையை வைத்து வயிற்றைக் கலக்குகிறார் ஃபொய்யாத். அடுத்த படத்தில் ஜூவும் பத்திரிகையாளர் ஃபான்டோரும் ஆளுக்கொரு கையாக அவனைப் பிடித்துவிடுகிறார்கள். பிடியில் மிஞ்சியது கோட்டும் இரண்டு பொய்க் கைகளும். ஆள் எப்போதோ ஓடிவிட்டான்.

"கொலைகாரனைக் கொண்டாடலாமா?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் கொலையைக் கொண்டாடவில்லை. அந்த முகமூடி கலைஞர்களின் மனதில் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

இந்தப் படங்களுக்கு மூலம் நாவல்கள். 1911-ல் பிரெஞ்சு எழுத்தாளர்கள் சுவெஸ்தரும் அல்லேனும் எழுதிய முதல் நாவலின் அட்டையைப் பாருங்கள். மாலை விருந்து உடை, உயரத் தொப்பி, கண்ணை மறைக்கும் முகமூடி. பாரிஸ் நகரத்தின் மேல் கால் வைத்து நிற்கிறான், கையில் கத்தி. படத்துக்குப் போஸ்டர் அடித்தபோது அதே ஓவியத்தைப் போட்டு, கத்தியை மட்டும் அழித்துவிட்டார்கள். கை வெறுங்கையாக நின்றது. அப்புறம் 1943-ல் பெல்ஜிய ஓவியர் மாக்ரித் அதே உருவத்தை வரைந்தார். அந்தக் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்தார்! கத்தி, வெறுங்கை, ரோஜா. முப்பத்திரண்டு வருடம் ஓர் உருவம் கலைஞர்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, 1915-ல் ஓவியர் ஹுவான் கிரிஸ் அவன் பெயர் போட்ட புத்தகத்தை ஓவியத்துக்குள் வைத்தார். 1933-ல் கவிஞர் தெஸ்னோஸ் வானொலிக்காக அவனைப் பற்றி நீண்ட கதைப்பாடல் எழுதினார், குர்ட் வைல் இசையமைத்தார். இவர்கள் எல்லாரையும் உட்கார விடாமல் செய்தது ஜூவின் துரத்தலா, அந்த முகமூடியா?

நடுவர் அவர்களே, ஐந்தாம் படத்தில் அவன் நீதிபதி வேடத்தில் அமர்ந்திருக்கிறான். கடைசியில் மாட்டிக்கொள்கிறான். ஆனால் அதற்கு முன்பே சிறை அதிகாரியிடம், "இன்று கொண்டுவரும் கைதி உண்மையில் ஜூவ், நள்ளிரவில் விட்டுவிடுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறான். அதிகாரியும் கதவைத் திறந்துவிடுகிறார்.

ஜூவ் வந்து பார்க்கும்போது அறை காலி. நன்றி, வணக்கம்.