பார்த்த ஸ்டேட்டஸும் போட்ட ஓட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தொலைவில் இருக்கும் நண்பரை வாக்களிக்க வைப்பது பொதுப் பதிவா, தனிச் செய்தியா என்பது இன்றைய தலைப்பு. தனிச் செய்தியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு பெரிய எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். 2010 நவம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று, பேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு ஓர் அறிவிப்பைக் காட்டியது. அதனால் 3,40,000 வாக்குகள் கூடின. ஆகவே பொதுப் பதிவே வெல்லும் என்றார். எண் சரிதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அதே சோதனையில் சில லட்சம் பேருக்கு வெறும் தகவல் மட்டும் காட்டப்பட்டது: இன்று தேர்தல், உங்கள் சாவடி இங்கே, வாக்களித்ததும் இந்தப் பொத்தானை அழுத்துங்கள். எதையுமே பார்க்காதவர்கள் எந்த அளவுக்கு வாக்களித்தார்களோ, இவர்களும் அதே அளவுக்குத்தான் வாக்களித்தார்கள். மற்றவர்களுக்கு அந்தத் தகவலோடு, வாக்களித்துவிட்ட நண்பர்கள் ஆறு பேர் வரை முகத்தோடு தெரிந்தார்கள். வாக்கு கூடியது அங்கேதான். கூடியதிலும் 2,80,000 நண்பர் வழியாகப் பரவி வந்தவை, அதுவும் நெருங்கிய நண்பர்கள் வழியாக. பட்டியலில் சும்மா கிடக்கும் அறிமுகங்களால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஐயா, எங்கள் சாட்சியை எதிரணியே ஆட்டோ வைத்து அழைத்து வந்து இறக்கியிருக்கிறது. நன்றி!

சரி, பொதுப் பதிவு போடுகிறீர்கள். என்ன ஆகிறது? ஃபீடு நேர வரிசைப்படி ஓடுவதில்லை. தேர்தல் காலையில் போட்ட பதிவு நண்பர் கண்ணில் படும்போது வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கலாம். ஸ்டேட்டஸ் வைத்தால் 24 மணி நேரத்தில் காணாமல் போகும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேரவே சேராது. எண்ணைச் சேமிக்காமல் விட்டிருப்பவர் யார்? வெகுநாள் பேசாத அந்தத் தூரத்து நண்பர்தான்! குரூப்பில் போட்டால் கட்டைவிரல் ஸ்மைலி நாற்பது விழும். நாற்பதில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று கேட்டால் குரூப் அட்மினுக்கும் தெரியாது.

தனிச் செய்தி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல, நடுவர் அவர்களே. ‘மறக்காம ஓட்டு போடு’ என்று அனுப்புவதும் ஏறக்குறைய வீண். ‘கண்டிப்பா’ என்று பதில் வரும். அத்தோடு இருவர் மனசாட்சியும் தூங்கப் போய்விடும். 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு முன் இதைத் தொலைபேசியில் சோதித்துப் பார்த்தார்கள். ‘போடுவீர்களா?’ என்று மட்டும் கேட்டதில் உறுதியாகச் சொல்லும்படி பலன் இல்லை. கூடவே மூன்று கேள்வி கேட்டார்கள்: எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? பேசக் கிடைத்தவர்களிடையே வாக்களிப்பு 4 சதவீதப் புள்ளி ஏறியது. ஒரே வாக்காளர் இருக்கும் வீடுகளில் 9 புள்ளி. தனியாக இருப்பவரிடம் ‘எப்போது கிளம்புகிறாய்?’ என்று கேட்க வீட்டில் ஆளில்லை; கேள்வி வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஊர் மாறித் தனியாக இருக்கும் உங்கள் நண்பரின் நிலையும் அதுதானே? இந்த மூன்று கேள்வியை ஒரு பொதுப் பதிவில் கேட்டுப் பாருங்களேன். யார் பதில் சொல்வார்?

அனுப்புவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் போதும். முகவரி மாறியவர்களை முதலில் எழுதுங்கள். பெயர் பழைய முகவரியிலேயே கிடந்து கடைசி நேரத்தில் தவிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு முதல் செய்தி, பதிவுக்கான கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே போகவேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் நினைவூட்டி, பட்டியலில் பெயரே இல்லை என்று தெரிந்தால் அழத்தான் முடியும். தபால் வாக்கு உரிமை உள்ளவர் என்றால் இன்னும் முன்னால்: விண்ணப்பம், உறை வந்து சேருவது, திரும்பப் போவது என மூன்று தாமதம் அதில் உண்டு. விதி நாட்டுக்கு நாடு மாறுவதால் தேர்தல் ஆணையத்தின் சொந்தத் தளத்து இணைப்பை மட்டும் அனுப்புங்கள். ஃபார்வர்டில் வந்த ‘புதிய விதி’ப் படத்தைத் தொடவே வேண்டாம், தவறான தேதி இருந்தால் அந்த ஓட்டைக் கெடுத்தவர் நீங்கள்தான்.

இரண்டாவது செய்தி ஒரு வாரம் முன்பு. முதல் வரி இன்னொருவருக்கு அப்படியே நகல் எடுத்து அனுப்ப முடியாததாக இருக்கட்டும்:

‘டேய், புது வேலை எப்படிப் போகுது? அடுத்த வாரம் ஓட்டு இருக்குல்ல, நான் காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஏழரைக்கே போயிடலாம்னு இருக்கேன். நீ எத்தன மணிக்குப் போற? வீட்லேர்ந்தா, ஆபீஸ்லேர்ந்தா?’

கவனியுங்கள். உபதேசம் இல்லை. கட்சிப் பெயர் இல்லை. ‘யாருக்குப் போடப்போற?’ என்று கேட்ட நொடியில் நண்பர் காணாமல் போய்விடுவார், அல்லது சண்டைக்கு வருவார். இரண்டிலும் வாக்குச்சாவடி மறந்துபோகும். ‘சாயந்திரம் ஆறுக்கு’ என்று பதில் வந்தால், சாவடி எத்தனை மணிக்கு மூடுகிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது செய்தி, அவர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால், அவர் ஊர்க் கடிகாரப்படி. உங்கள் கடிகாரப்படி அனுப்பினால் நள்ளிரவில் எழுப்பிய புண்ணியம் சேரும். பதில் இல்லாமல் நீல டிக் மட்டும் விழுந்தால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம், அதோடு சரி.

எதிரணியிடம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2006-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், யார் வாக்களித்தார், யார் வாக்களிக்கவில்லை என்பதை அண்டை வீட்டாருக்கும் தெரிவிப்போம் என்று தபால் அனுப்பினார்கள். வாக்களிப்பு 8 புள்ளி ஏறியது. ஊரறிய வெட்கப்படுத்தினால் ஆள் கிளம்புவார் என்பது உண்மை. அனுப்பியவர் முகம் தெரியாத ஆள் என்பதால் திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். நீங்கள் நண்பரை டேக் செய்து ‘இன்னும் போடலையா?’ என்று நூறு பேர் முன்னால் கேட்டால், இந்தத் தேர்தலுக்கு ஒரு ஓட்டு கிடைக்கலாம். அடுத்த தேர்தலுக்குக் கேட்க உங்கள் பட்டியலில் அந்த நண்பர் இருக்கமாட்டார்.

‘போட்டுட்டேன்’ என்று அவர் எழுதியதும் ‘சூப்பர்’ போட்டு முடித்துவிடாதீர்கள். (வாக்குச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லவும் வேண்டாம், பல இடங்களில் அது குற்றம்.) இரண்டு வாக்காளர் உள்ள வீடுகளில் கதவைத் திறந்த ஒருவரிடம் மட்டும் வாக்களிக்கச் சொல்லிப் பார்த்த ஒரு சோதனை உண்டு. அவரிடம் ஏற்பட்ட விளைவில் சுமார் 60 சதவீதம், செய்தியைக் கேட்காத மற்றவருக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால் இன்னொரு வரி எழுதுங்கள்: ‘உன் ரூம்மேட் போயாச்சா?’ நடுவர் அவர்களே, அந்த ரூம்மேட்டுக்கு எதிரணியின் ஸ்டேட்டஸ் எப்படித் தெரியும்? அவர் நம் காண்டாக்டிலேயே இல்லையே!