சுவர்க்கடிகாரமா கோனி?

(‘தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி நடிகையும் தயாரிப்பாளருமான கோனி ஃபெர்கூசனின் புகழ் நிலைத்திருப்பது பெரிதும் கேமராவுக்கு முன்னாலா, பின்னாலா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘முன்னால்’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் ஜோஹன்னஸ்பர்க் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். கேசரி ஆறுவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முயல்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். என்ன சொன்னார்? “1992இல் கோனி பாப் டிவியில் தொகுப்பாளராக இருந்தாராம். அடுத்து செய்திகள், அதன்பின் தொடர் என்று அறிவித்தாராம். இதை ஒரு சுவர்க்கடிகாரம் செய்துவிடாதா? 2010இல் கணவர் ஷோனாவுடன் ஃபெர்கூசன் ஃபிலிம்ஸ் தொடங்கிய பிறகுதானே அவர் பெரிய ஆளானார்?”

சுவர்க்கடிகாரம்! நடுவர் அவர்களே, நடிப்பின் நுட்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்தக் கடிகாரத்துக்கு ஒரு வழி செய்யாமல் நான் இறங்கப் போவதில்லை.

அண்ணன் வீட்டிலும் கடிகாரம் இருக்கிறது. எப்போதும் பத்து நிமிடம் தாமதமாக ஓடும். அண்ணன் மேடைக்கு வருவதைப் போலவே. அது மணி அடித்ததும் அண்ணன் ஒருநாளாவது பதிலுக்குச் சிரித்திருப்பாரா? “இன்றைக்கு என்ன புடவை கட்டியிருக்கிறது பார்” என்று அண்ணியைக் கூப்பிட்டிருப்பாரா? தொகுப்பாளரைப் பார்த்தால் சிரிப்போம், கூப்பிடுவோம். ஏனென்றால் அங்கே இருப்பது முகம்.

சரி, அந்தப் பாப் டிவி என்ன லேசுப்பட்டதா? கேளுங்கள். நிறவெறி அரசு கறுப்பின மக்களைத் ‘தாயகங்கள்’ என்ற பெயரில் துண்டு துண்டாக ஒதுக்கியது. அதில் ஒரு துண்டு போபுதாட்ஸ்வானா. தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே எந்த நாடும் அதை நாடாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கென்று ஒரு தொலைக்காட்சி! தென்னாப்பிரிக்காவுக்கே தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது. அவ்வளவு பயம் அந்தப் பெட்டியைக் கண்டு. கறுப்பின மக்களுக்கென்று அலைவரிசைகள் வர 1982 ஆயிற்று. பின்னர் பாப் டிவி வந்தது. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் வாழும் ட்ஸ்வானா இன மக்களுக்கு மட்டும் என்று ஒளிபரப்பை அனுமதித்தார்கள்.

அலைக்கு நிறம் தெரியுமா? அது பக்கத்து வெள்ளையர் பகுதிகளுக்கும் போய்விட்டது. அமெரிக்கத் தொடர்கள், விறுவிறுப்பான செய்திகள். அரசாங்கத் தொலைக்காட்சியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வெள்ளையர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பார்த்தது அரசு. 1984இல் அலை சொவேட்டோவைத் தாண்டாதபடி சுருக்கிவிட்டது.

இப்போது அந்தக் காட்சியைக் கற்பனை செய்யுங்கள். ரூபவாஹினிக்காக மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிய தலைமுறை இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்கவே வேண்டாம். வெள்ளைக்காரத் துரை கூரைமேல் நிற்கிறார். கீழே துரைசானி. “தெரிகிறதா?” “புள்ளி புள்ளியாகத் தெரிகிறது!” “இப்போது?” “இடப்பக்கம் திருப்புங்கள்!” “இடப்பக்கம் சொவேட்டோ அல்லவா இருக்கிறது!” “அங்கேதான் திருப்பச் சொல்கிறேன்!” சொவேட்டோ பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர், நடுவர் அவர்களே, ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுக் கும்பிடாத குறையாக நிற்கிறார். “வந்துவிட்டது!” என்கிறார் துரைசானி. துரை கையை எடுக்கிறார். போய்விட்டது. அன்றிரவு துரைக்குக் கூரைமேல்தான் சாப்பாடு.

எதிரணித் தங்கை வேகமாகக் குறித்துக்கொள்கிறார். நானே சொல்லிவிடுகிறேனம்மா: அப்போது கோனிக்கு 14 வயதிருக்கும். துரை கோனிக்காகக் கூரை ஏறவில்லை. ஆனால் அரசே அஞ்சி அலையைச் சுருக்கிய அந்தத் தொலைக்காட்சியில்தான், போட்ஸ்வானாவைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் மசிலோ என்ற பெண், அதாவது நம் கோனி, கேமராவைப் பார்த்து முதன்முதலாகப் பேசினார். கடிகாரத்தைக் கண்டு எந்த அரசாவது பயந்திருக்கிறதா, அண்ணா?

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். நிறவெறி முடியும் தறுவாயில் தயாரிப்பாளர் ம்ஃபுண்டி வுண்ட்லா ‘ஜெனரேஷன்ஸ்’ தொடரைத் தொடங்கினார். கறுப்பினத்தவர் விளம்பர நிறுவனத்துக்கு முதலாளிகளாக இருக்கும் கதை. அதில் கராபோ மொரோகா என்ற பாத்திரத்தில் கோனி 2010 வரை நடித்தார். 2014இல் ஊதியத் தகராறில் நடிகர்கள் 16 பேரை நீக்கிவிட்டுத் தொடரைப் புதுப்பித்தபோது, யாரைத் திரும்ப அழைத்தார்கள்? கராபோவை! அதற்குள் அவர் தயாரிப்பாளர். தயாரிப்பாளரையா அழைத்தார்கள்? அந்த முகத்தை அழைத்தார்கள். 2016இல் சொந்த நிறுவனம் ‘தி குயின்’ தொடரை எடுத்தபோது, போதைப்பொருள் ராணி ஹாரியட் கோசாவாக யார் நின்றார்? முதலாளியேதான்!

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று.

கோனி ஷோனாவைச் சந்தித்தது 2001 ஜூலை 31. கண்டதும் காதல். அதே ஆண்டு நவம்பரில் திருமணம். இதை அவரே வெளியிட்ட செய்தியில் எழுதியிருந்தார். எப்போது எழுதினார்? ஷோனா போன பிறகு. 2021 ஜூலை 30 அன்று, கோவிட் தொற்றின் பின்விளைவுகளால், இதே ஜோஹன்னஸ்பர்க்கில், 47 வயதில் போனார். சந்தித்து இருபது ஆண்டு நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. ஒரு நாள் அண்ணா. உங்கள் கடிகாரம் அந்த ஒரு நாளைத் தள்ளி ஓடியிருக்கக் கூடாதா?

சேர்ந்து கட்டிய கம்பெனி, சேர்ந்து எடுத்த தொடர். தளத்துக்குப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நினைவு. இங்கே துணையை இழந்தவர்கள் இருப்பீர்கள். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற மனம் வராது. அந்த அம்மா மீண்டும் ஹாரியட்டாக வந்து நின்றார். ‘தி குயின்’ 2023 ஜனவரி வரை ஓடியது.

“கம்பெனியைக் காப்பாற்றியது கேமராவுக்குப் பின்னால்தானே, இது எங்கள் கட்சிக்கல்லவா சான்று?” என்று அடுத்து வரும் தங்கை கேட்பார். கேட்கட்டும். கண்ணீரைத் துடைத்துவிட்டு ஒப்பனைக்கு உட்கார்ந்தாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவர் பெரிய மனது வைத்து எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். வணக்கம்.