லீவே போடாத வசூல்காரர்

(வணிகர் தினத்தையொட்டி நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களுக்கும், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேர்மையான ஆள் எங்கே கிடைப்பார் என்று பேசச் சொன்னார்கள். நாற்பது வருடமாக மளிகை மொத்த வியாபாரத்தில் இருக்கிறேன். அந்த விலாசம் எனக்கும் தெரியாது. எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களிடம் வசூலுக்கு ஒருவர் இருந்தார். பதினோரு வருடம். பொங்கல், தீபாவளி தவிர லீவு கிடையாது. காய்ச்சல் அடித்தாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைக் காட்டித்தான் அப்பா எங்களைத் திட்டுவார். ஒருநாள் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. மூன்று வாரம் படுக்கை. அவருக்குப் பதிலாக நான் வசூலுக்குப் போனேன். முதல் கடையிலேயே, "போன மாசமே முழுசா குடுத்துட்டேனே தம்பி" என்றார்கள். அடுத்த கடையிலும் அதே பதில். எங்கள் பேரேட்டிலோ இரண்டு கடைக்கும் பாக்கி நிற்கிறது.

நடந்தது இதுதான். முதல் கடையில் வாங்கிய 5,000 ரூபாயை அவர் செலவு செய்துவிடுவார். அடுத்த வாரம் இரண்டாவது கடை தரும் பணத்தை முதல் கடைக் கணக்கில் வரவு வைப்பார். மூன்றாவது கடைப் பணம் இரண்டாவது கடைக்கு. இந்தச் சங்கிலியைத் தினமும் ஒரே ஆள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் கையை விட்டால் அறுந்துவிடும். அவர் லீவு போடாததை விசுவாசம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எதற்காக எடுத்தார்? மனைவிக்கு அறுவை சிகிச்சை, அதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார் அப்பா. குடுத்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும், அந்த வசூல்காரருக்கும் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் டொனால்டு கிரெஸ்ஸி என்று ஒரு குற்றவியல் அறிஞர். நல்லெண்ணத்தோடு வேலைக்குச் சேர்ந்து, பிறகு கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களாகப் பார்த்துப் பார்த்துப் பேசினார். 1953-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பணச் சிக்கல். இரண்டு, கையில் இருக்கும் பொறுப்பை வைத்தே அதைத் தீர்த்துவிடலாம் என்ற வாய்ப்பு. மூன்றாவது, "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காது. எங்கள் வசூல்காரர் பல வருடம் நக்காமல்தான் இருந்தார்.

அப்புறம் நான் செய்த முதல் காரியம், பணத்தைத் தொடும் எல்லோருக்கும் கட்டாய லீவு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 10 வேலை நாளாவது, முன்கூட்டிச் சொல்லாமல், லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் உத்தரவு போட்டிருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே நகரத்தார் இதைச் செய்தார்கள். ரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த செட்டியார்கள், முதலாளி ஊரிலேயே இருக்க, மேலாளை, அதாவது அங்கே கடையைப் பொறுப்பாக நடத்தும் ஆளை, அனுப்பித் தொழில் நடத்தினார்கள். ஒரு தவணை என்பது பெரும்பாலும் 3 வருடம். தவணை முடிந்தால் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். புதிதாக வருபவர் பழைய ஆளின் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் பொறுப்பேற்பாரா? பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலை ஆளாகச் சேர்ந்தவன், மேலாளுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அடுத்தாளாகி, மேலாளாகி, லாபத்தில் பங்கும் வாங்குவான். திருடுவதைவிடக் காத்திருப்பது லாபம் என்று அவனுக்குத் தெரியும். அந்த முறையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது, எடுக்கவும் கூடாது. பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள் ஆள் எடுத்த முறை அது. ஊரில் தலைகாட்ட முடியாது என்ற பயம்தான் அங்கே ஜாமீன். நான் எடுத்துக்கொண்டது கைமாற்றுவதையும் பங்கு கொடுப்பதையும் மட்டும்.

இரண்டாவது, கல்லா. ஜேம்ஸ் ரிட்டி என்பவர் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் ஊரில் மதுக்கடை நடத்தினார். கூட்டம் நிறைய, காசு குறைவு. ஊழியர்கள் வாங்கிய காசைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1878-இல் கப்பலில் ஐரோப்பா போனபோது, கப்பலின் உந்துசுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் கருவியைப் பார்த்தார். சுழலியை எண்ணலாம் என்றால் காசை எண்ண முடியாதா? ஊருக்குத் திரும்பிச் சகோதரரோடு சேர்ந்து மெஷின் செய்து 1879-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயருக்கு, கறைபடாத காசாளர் என்று அர்த்தம். பிறகு வந்த மெஷின்களில் தொகை எழுதிய அட்டை மேலே எழும்பும், மணி அடிக்கும். எதிரே நிற்கும் வாடிக்கையாளர் கண்ணில் தொகை பட்டுவிடும், உள்ளே இருக்கும் முதலாளி காதில் மணி விழுந்துவிடும்.

இன்றைக்கு நம் மேஜையில் "நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிற யுபிஐ பெட்டியும் அந்த மணியின் பேரப்பிள்ளைதான். அதன் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்குப் பதறும். சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டை உங்களுடையதுதானா என்று தினமும் காலையில் உங்கள் போனிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். கேட்காத கடனும் பார்க்காத பயிரும் பாழ் என்பது க்யூஆர் அட்டைக்கும் பொருந்தும்.

ஆள் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆதார் நகல் வாங்குங்கள், முன்பு வேலை பார்த்த கடைக்கு நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் உண்மை வராது. எங்கள் வசூல்காரரைப் பற்றி ஒருவர் போனில் விசாரித்தபோது, "நல்ல உழைப்பாளி, ஒருநாள்கூட லீவு போட மாட்டார்" என்றார் அப்பா. பொய்யில்லை! தொல்லை விட்டது என்று நாம் இப்படி அனுப்பிவைக்கும் ஆள்தான் அடுத்த கடைக்காரருக்கு வந்து சேருகிறார்.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரலாம். இருப்பு எடுக்கும்போது சரக்கு குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் சமமாகப் பிடிக்கும் கடைகள் இங்கே இருக்கின்றன. எடுத்தவனுக்கு அது லாபம், எடுக்காதவனுக்கு நஷ்டம். "எப்படியும் பிடிக்கத்தானே போகிறார்கள்" என்று அந்த நல்ல பையன் ஒருநாள் யோசிக்கத் தொடங்குவான். கிரெஸ்ஸி சொன்ன சமாதானத்தை நாமே அவன் கையில் எழுதிக் கொடுக்கிறோம். ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதென்றால், அந்த இழப்பு அவருடைய தவறால்தான் வந்தது என்று தெரிய வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் விளக்கத்தையும் கேட்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமே சொன்னது.

இப்போது எங்கள் கடையில் அவசரத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வரை முன்பணம் உண்டு. காரணம் கேட்க மாட்டோம், வட்டி கிடையாது. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வோம். வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர்களும் உண்டு, இரண்டு பேர். வசூல்காரர் எடுத்ததோடு ஒப்பிட்டால் அது டீச் செலவு.

கல்லாவில் யார் காசு எடுத்தாலும் சிட்டை எழுதிப் போட வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். போன வாரம் கோயில் நன்கொடைக்கு வந்தவர்களுக்கு 500 ரூபாய் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிட்டை போட மறந்துவிட்டேன். ராத்திரி கணக்கு முடிக்கும்போது பில் போடும் பெண், கடையில் எல்லோரும் இருக்கும்போதே, "அண்ணாச்சி, ஐநூறு குறையுது, நீங்கதானே எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு நொடி சுருக்கென்றுதான் இருந்தது. பேனா வாங்கி எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் கூட்டியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.